வாய் மூடிய மட்டியும் கோமதிநாயகம் சாரும்

கடலோர ஆய்வகத்தில் வேலையாக இருந்தபோது சங்கரன்கோவிலிலிருந்து தொலைபேசி வந்தது. "கோமதி அத்தான் போயிட்டாவ சார்" என்றார் அவருடைய மைத்துனர். உடம்பு சரியில்லை என்றே எனக்குத் தெரியாது. முதலில் வந்தது கோபம்தான். பேருந்தில் ஏறிய பிறகே அழுகை வந்தது.

எழுபதுகளின் நடுவில் கோமதிநாயகம் சாரும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். ஆலைக் கழிவு கலந்த கடல்நீரை எந்த உயிர் எவ்வளவு தாங்கும், எது முதலில் சாகும் என்று தொட்டியில் விட்டுப் பார்ப்பது எங்கள் பணி. "சங்கரன்கோவில்ல ஏதுவே கடலு? உமக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று சீண்டுவேன். "அதாம்வே, இன்னமும் வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சிரிப்பார்.

ஓர் ஆலை கழிவுக்குழாய் இறக்க அனுமதி கேட்டது. குழாய் இறங்கும் இடத்தில்தான் மட்டிச் சிப்பிகள் விளையும் படுகை இருந்தது. மட்டியை அள்ளி விற்றுத்தான் அந்தக் கரைக் குப்பம் சோறு தின்றது. எங்கள் தொட்டியில் மீன்கள் துடித்து மிதந்தன. மட்டிகள் மட்டும் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு கிடந்தன. மேலதிகாரி எட்டிப் பார்த்தார். "மீன் நீந்தித் தப்பிச்சிரும். மட்டி உசுரோடதான கெடக்கு? தாங்கும்னு எழுதும்" என்றார்.

சார் அதிர்ந்து பேசாதவர். அன்று குரல் உயர்ந்தது.

"தாங்கலைங்கய்யா. கெட்ட தண்ணி உள்ள வந்துராம மூச்சடக்கிக் கெடக்கு. வாயை மூடிக்கிட்டு இருந்தா தாங்குதுன்னா அர்த்தம்? இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்க."

நாள் கொடுக்கவில்லை. சார் கையெழுத்துப் போட மறுத்தார். வேறொருவர் போட்டார். சார் பிடிவாதமாகத் தொட்டியைக் காலி செய்யாமல் வைத்திருந்தார். ஒரு காலையில் மட்டிகள் எல்லாம் பிடி விட்டுப்போய் ஓடு திறந்து செத்துக் கிடந்தன. நாற்றம் வாசல்வரை அடித்தது. அதற்குள் உத்தரவு போயாயிற்று.

அடுத்த கோடைக்குள் படுகையிலும் அதே கதை. கரை முழுக்கத் திறந்த ஓடுகள். விசாரிக்கப் போன எங்களிடம், மட்டி அள்ளும் பெண் ஒருத்தி, "இப்பக் கேட்டு என்ன செய்யப் போறிய?" என்றாள். அதோடு சார் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிப் பள்ளி ஆசிரியரானார். அதன்பின் கடலைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் "நல்லாருக்கேம்வே" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. வயிற்றில் புற்று, வெகு நாளாகவே இருந்ததாம். "ஒரு நா கூட வலிக்குன்னு சொல்லலியே அவிய" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெரியவர், "என்னமாத் தாங்கியிருக்காரு மனுசன்!" என்று வியந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தாங்கலை அண்ணாச்சி! வாயை மூடிக்கிட்டு இருந்தா தாங்குதுன்னா அர்த்தம்?" என்று இழவு வீடு என்றும் பாராமல் கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வார்த்தை யாருடையது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

சாரைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். வழக்கப்படி தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, வாயை மூடியிருந்தார்கள்.

தொட்டியில் கிடந்த மட்டி செத்த பிறகாவது வாய் திறந்தது. உங்களுக்கு அதுவும் இல்லை. போய் வாருங்கள், சார்.