இராசமலர் டீச்சரின் நீலப் பிரிட்ஜ்

ஜமாலியாவில் ஸுஹைரின் பட்டறை எங்கே என்று கேட்டால் இப்போது யாரும் பிரிட்ஜ் திருத்துகிற கடை என்று சொல்வதில்லை. தாமரை நிற்கிற வளவு என்றுதான் கைகாட்டுகிறார்கள். ஸுஹைருக்கு அறுபத்தொரு வயது. அதில் பாதிக்கு மேல் திருகோணமலைப் பட்டினத்தின் குசினிகளுக்குள்ளேயே கழிந்தது. எந்த வீட்டில் ஐஸ் கட்டிக்குப் பிள்ளைகள் அடிபடுவார்கள், எந்த வீட்டில் மாமியார் பிரிட்ஜைப் பூட்டித் திறப்பை மடியில் வைத்திருப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இனித் திருத்த ஏலாது என்ற பெட்டிகளை அவர் உடனே பழைய இரும்புக்குக் கொடுப்பதில்லை. ஒரு கதவுப் பிணைச்சல், ஒரு தட்டு என்று எப்போதாவது உதவும். அப்படிச் சேர்ந்த ஒன்பது பெட்டிகள் பட்டறைக்குப் பின்னால் கதவில்லாமல் மல்லாக்கக் கிடந்தன. மனைவி ஷிஃபானா அந்த இடத்துக்கு, செத்தவர்களை அடக்குகிற இடம்போல, மையவாடி என்று பெயர் வைத்திருந்தாள்.

நான்கு வருடங்களுக்கு முந்திய மாரியில் அந்த மையவாடி முழுக்க மழைத் தண்ணீர். டெங்கு பரவிய நேரம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மதுசன் வந்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"நானா, இதுக்குள்ள நுளம்பு குடும்பமாக் குடியிருக்குது. ஒண்டில் எல்லாத்தையும் கவிட்டுப் போடுங்கோ, இல்லாட்டி மீன் விடுங்கோ. அடுத்த கிழமை வருவன்."

ஸுஹைர் மீனைத் தெரிந்தெடுத்தார். பெட்டிகளின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகளைப் பசை வைத்து அடைத்து, தண்ணீர் நிரப்பிக் கப்பி மீன் விட்டார். எட்டுப் பெட்டிகளுக்குத்தான். ஒன்பதாவதை வெயிலில் காயவைத்துத் துடைத்து, தறப்பாளால் மூடிக் கட்டினார். நீல நிறப் பெட்டி அது.  ஏன் என்று ஷிஃபானாவுக்குத் தெரியும்.

அது உவர்மலையில் இருந்த இராசமலர் டீச்சர் வீட்டுப் பிரிட்ஜ். டீச்சரின் கணவருக்கு நீரிழிவு. இன்சுலின் மருந்து அதற்குள்தான் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்தால் ஊரடங்கு போட்டிருந்த நாட்களில், அந்தப் பிரிட்ஜ் நின்றுபோயிற்று. மருந்துப் போத்தலை ஈரமணல் சட்டிக்குள் புதைத்துவிட்டு, ஊரடங்கை இரண்டு மணித்தியாலம் தளர்த்தியபோது டீச்சர் ஆளனுப்பினார். ஸுஹைருக்கு அப்போது இருபத்தாறு வயது. பிரிட்ஜுக்கு அடைக்கிற காஸ் சிலிண்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். சிலிண்டரைக் கண்டதும் சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்கள். முழங்காலில் இருத்தி வைத்து, நெடுநேரம் விசாரித்துத்தான் விட்டார்கள். ஆனாலும் போனார், திருத்தினார். அன்றைக்கு டீச்சர் தந்த தேசிக்காய்த் தண்ணீரின் ருசியை இன்றைக்கும் சொல்லுவார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் வெளியாள் இல்லை. பெருநாளைக்கு ஷிஃபானா வட்டிலப்பம் கொடுத்தனுப்புவாள். தைப்பொங்கலுக்கு அங்கிருந்து பொங்கல் வரும். இரண்டாயிரத்து நான்கில் பிரிட்ஜ் மறுபடியும் படுத்தது. "ஒரு கிழமையில தாறன் டீச்சர்" என்று சொல்லிக் கொண்டுவந்தார். அந்தப் பழைய மொடலுக்குக் கொம்பிரசர் கொழும்பிலும் கிடைக்கவில்லை. ஒரு கிழமை ஒரு மாதமாயிற்று. மாதங்கள் போகப்போக அந்தத் தெருவால் போவதையே தவிர்த்தார். வருட முடிவில் கடல் வந்தது. ஊர் தலைகீழான அந்த நாட்களுக்குப் பிறகு அவர் போய்ப் பார்த்தபோது வீடு பூட்டியிருந்தது. மகள் வேலை செய்யும் வவுனியாவுக்கே குடும்பம் போய்விட்டதாக அயலார் சொன்னார்கள்.

பெட்டி மட்டும் நின்றது. அதிலிருந்து ஒரு ஆணியைக்கூட அவர் கழற்றவில்லை.

பங்குனி வெயிலில் கப்பி மீன்கள் செத்து மிதந்தன. நிழல் வேண்டும் என்றார் மதுசன். அந்த ஆவணியில் கிளிவெட்டிக்குப் பால் குளிரூட்டி திருத்தப் போன ஸுஹைர், அங்கே குளம் பாதி வற்றிக் கிடப்பதைக் கண்டார். கரைச் சேற்றில் தாமரை இலைகள் கருகிக் கிடந்தன. மீனுக்கு நிழல் இதுதான் என்று கிழங்கு கேட்டார். குளிரூட்டி வைத்திருந்த வீட்டுக்கார ஆனந்தராசா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"கிழங்கு முறியாமல் எடுக்கோணும். இந்த நுனி இருக்கெல்லே, இது முறிஞ்சால் முளைக்காது."

ஈரச் சாக்கில் சுற்றி ஐந்து கிழங்கு கொண்டுவந்தார். பூக்கண்டுக்குப் போடுவதுபோல மாட்டெருவும் மண்ணும் கலந்து பெட்டிகளில் நட்டார். பத்து நாளில் தண்ணீர் நாறி நான்கு கிழங்கு அழுகிற்று. மிஞ்சிய ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு, மறுபடி கிளிவெட்டிக்குப் போய் வெறும் குளத்துக் களிமண்ணைச் சாக்கில் கட்டி வந்தார். ஒரு பெட்டிக்குள் அந்த மண்ணில், நுனி மேலே தெரியப் படுக்கவைத்து, நாலு விரல் தண்ணீர் விட்டார். முதலில் காசளவு இலைகள் மிதந்தன. பிறகு ஒருநாள் ஒரு இலை தண்டை நிமிர்த்தித் தண்ணீருக்கு மேலே எழுந்து நின்றது. அன்றைக்கு ஸுஹைர் பட்டறையில் வேலையே செய்யவில்லை என்று ஷிஃபானா எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வருடம் அந்த ஒரு கிழங்கு பெட்டி முழுக்க ஓடியிருந்தது. பிரித்து நட்டதில் எட்டுப் பெட்டியும் நிரம்பி, ஒரு கிழங்கு மிஞ்சியது.

"இஞ்சேருங்க, அந்த நீலத்தத் திறங்களன்" என்றாள் ஷிஃபானா.

"அது நம்மட சாமான் இல்லயே."

"நம்மட இல்லாத சாமான உக்கிப்போக விடுறது மட்டும் சரியா?"

ஸுஹைர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு தறப்பாளை அவிழ்த்தார்.

எட்டுப் பெட்டியும் இலையோடு நிற்க, முதலில் மொட்டு விட்டது அந்த நீலப் பெட்டிதான். வெளிறிய ரோஸ் நிறத்தில், இரண்டு கை சேர்த்து ஏந்துகிற அளவு பூ. பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்படித்தான் போன வருடம் ஒரு காலையில், கந்தோர் வேலைக்குப் போகிற உடுப்போடு ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தாமரைக் கிழங்கு ஒன்று வேண்டுமாம். வளவுக்குள் வந்தவள் பூவைப் பார்க்கவில்லை. நீலப் பெட்டியின் பக்கத்தில் குந்தி, அதன் வெளித்தகட்டைக் கையால் தடவினாள். அங்கே கவராய முனையால் கீறிய கோணல் எழுத்தில் 'பிரியா' என்று இருந்தது.

"ஸுஹைர் நானா, இது எங்கட பிரிட்ஜ் எல்லோ?"

டீச்சரின் மகள் பிரியதர்சினி. ஊரடங்கு நாளில் பத்து வயதுப் பிள்ளையாகக் கதவு நிலையில் சாய்ந்து நின்றவள்.  ஸுஹைர் எத்தனையோ தரம் விளக்கங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார்.

"ஓம் பிள்ள" என்றார். "ஒரு கிழமையில தாறன் எண்டுதான் கொண்டு வந்தனான்."

அவள் கோபிக்கவில்லை. மாற்றலாகித் திருகோணமலைக்கே வந்துவிட்டதாகவும், உப்புவெளியில் வீடு எடுத்திருப்பதாகவும் சொன்னாள். "அம்மா இருக்கிறா நானா. ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிக்கொண்டு வாறன்."

ஸுஹைருக்கு மூன்று நாள் இருந்தது. பெட்டியின் வெளிப்புறத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். துருப்பிடித்த மூலையை உரசிப் பெயின்ட் அடித்தார். கீறிய எழுத்தை மட்டும் விட்டுவிட்டார்.

ஞாயிறு காலை ஓட்டோவில் டீச்சர் வந்தார். எண்பது வயது. கையில் தடி. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற அதே பார்வை. நேரே பெட்டியடிக்குப் போய், குனிந்து தண்ணீரைப் பார்த்து, இலையைத் தொட்டு, பிறகுதான் திரும்பினார்.

"தம்பி ஸுஹைர், ஒரு கிழமை எண்டெல்லே சொன்னீர்?"

"ஓம் டீச்சர்."

"கொஞ்சம் பிந்திப் போச்சு."

பிரியதர்சினி வாய்விட்டுச் சிரித்தாள். ஸுஹைரால் சிரிக்க ஏலவில்லை. கொம்பிரசர் தேடியதையும், பூட்டிய வீட்டுக்கு முன்னால் நின்றதையும் சொன்னார். "வவுனியா விலாசமும் எடுத்தனான் டீச்சர். எழுதுறதுக்கு வெக்கமா இருந்திச்சு."

டீச்சர் தடியை ஊன்றி நிமிர்ந்தார்.

"பிரிட்ஜ் போனால் வேற வாங்கலாம். நாங்கள் வாங்கினனாங்கள்தானே. ஆனால் அவர் செத்தவீட்டுக்கு நீர் வரேல்ல. அந்த மனுசன் கடைசிமட்டும் உம்மடை கதைதான். சிலிண்டரோட வந்த பெடியன் எங்கயோ தெரியேல்ல எண்டு கேட்டபடி கிடந்தார். அதுதான் எனக்குக் கோபம்."

ஐயா இறந்ததே ஸுஹைருக்கு அப்போதுதான் தெரியும். தலையைக் குனிந்தபடி நின்றவரின் தோள் குலுங்கிற்று. ஷிஃபானா உள்ளேயிருந்து கதிரைகளைக் கொண்டுவந்து போட்டு, டீச்சரின் கையைப் பிடித்து இருத்தினாள். தேத்தண்ணி வந்தது. குடித்து முடிகிறபோது டீச்சர் ஐயாவின் கதைகளைச் சொல்லத் தொடங்கியிருந்தார். மத்தியானம் பூ இதழ் கூம்பும்வரை கதை ஓடியது.

பெட்டியைத் திருப்பித் தரட்டுமா என்று ஸுஹைர் கேட்டார். இவ்வளவு களிமண்ணோடு அதை யார் தூக்குவது என்று டீச்சர் மறுத்துவிட்டார். "எனக்கு ஒரு கிழங்கு தாரும். அதோட நீரும் வந்து போம்."

உப்புவெளிக் கிணற்றில் உப்புக் கரிக்கும் சவர்த்தண்ணீர். தாமரைக்கு ஆகாது. ஸுஹைர் சீமெந்துத் தொட்டி கட்டுவித்து, குழாய்த் தண்ணீரைக் குளோரின் மணம் போக இரண்டு நாள் வாளிகளில் வைத்திருந்து ஊற்றினார். கடற்காற்றில் இலைகள் கிழிந்தபோது தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்புக் கட்டினார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் நேரே அங்கேதான் போவார். டீச்சர் தொட்டியடியில் இருந்து, புது இலைகளை ஒன்றும் விடாமல் எண்ணிச் சொல்வார்.

இந்த வருடம் சித்திரை பிறந்து இரண்டாம் கிழமை, விடிந்ததும் டீச்சரின் அழைப்பு வந்தது.

"மொட்டு வாய் திறக்குது தம்பி. கெதியா வாரும். ஷிஃபானாவையும் ஏத்திக்கொண்டு வாரும்."

பட்டறையில் இரண்டு பிரிட்ஜ் அவசரத்துக்கு நின்றன. ஸுஹைர் கதவை இழுத்துப் பூட்டினார். ஷிஃபானா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினாள். அவர்கள் போனபோது டீச்சர் தொட்டியைச் சுற்றி நாலு கதிரை போடுவித்திருந்தார்.  பிரியதர்சினி கந்தோருக்கு வெளிக்கிட்டவள், கைப்பையோடு வந்து நாலாவது கதிரையில் இருந்தாள்.

"பிந்தினால் பிந்தட்டும்" என்றாள்.