வாசலை அடைத்த வீடியோ கேம் மெஷின்

என் கொழுந்தனார் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தபோது நாங்கள் ராஜபாளையத்தில், மாமனார் கட்டிய வீட்டில் இருந்தோம். மாமனார் காலமாகியிருந்தார். அத்தை, நான், என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. எனக்கு ஒரு பேண்டேஜ் கம்பெனியில், துணியை விரித்துப் பார்த்துப் பழுது பிரிக்கிற வேலை. நாள் பூராவும் வெள்ளைத் துணியையே பார்த்துவிட்டு வந்தால் சாயங்காலம் வீட்டுச் சுவர்கூடக் கண்ணைக் கூசும். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அசதி. ஆட்களும் சம்பவங்களும் அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக வரும்.

கொழுந்தனார் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். ஒரு பச்சை டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். கல்யாணம் ஆகவில்லை. வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் அதைத்தான் கேட்பார்கள். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார். "போதும் மதினி" என்பதைத் தவிர அவரிடமிருந்து எனக்கு வேறு பேச்சு கிடைத்ததில்லை.

சில மாதம் கழித்து மதுரையில் ஒரு கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், ஒரு பழைய வீடியோ கேம் மெஷினை வாங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு இடம் பிடித்து அதை நிறுத்தினார். ஆளைவிட உயரமான மரப்பெட்டி. பீரோ மாதிரி இருக்கும். நெஞ்சு உயரத்தில் டிவி, அதற்குக் கீழே துருத்திக்கொண்டு ஒரு பலகை, அதில் கைப்பிடியும் பட்டன்களும், இன்னும் கீழே காசு போடுகிற ஓட்டை. ஆடித் தேர் பார்க்கப் போன அன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்கும் போனேன். காலேஜ் பையன்கள் சூழ்ந்து நிற்க, கொழுந்தனார் நடுவில் நின்று, "ஏலே, இப்ப குதிலே! இம்புட்டு நேரம் என்னத்தப் பாத்த?" என்று கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டில் தட்டைக் கழுவி வைக்கிற மனுஷர்தானா இவர் என்று கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கடை ரெண்டு வருஷம் ஓடியிருக்கும். பிறகு இடத்துக்காரர், டெலிபோன் பூத் வைக்கப் போகிறேன், காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். வேறு இடம் தேடினார், அமையவில்லை. விற்றுவிடு என்றார்கள். அவர் விற்கவில்லை. ஒரு நாள் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"அந்த மெஷின நம்ம ஹால்ல கொண்டாந்து வச்சுக்கிடுவோம்."

"ஹால்ல எங்க? பிள்ளைக படுக்கிற எடம் அது."

"பிள்ளைக நம்ம கூடப் படுத்துக்கிடும். அவன் பஸ் ஸ்டாண்டுல போயி சும்மா உக்காந்துட்டு வாரான். பாக்க முடியல."

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "வாசல்ல நுழையுமான்னு அளந்து பாத்தியளா?" என்று மட்டும் கேட்டேன். "அதெல்லாம் நுழையும்" என்றார். யாரும் அளக்கவில்லை.

எங்கள் வீட்டு அமைப்பைச் சொல்ல வேண்டும். தெருவாசலைத் தாண்டினால் ஒடுங்கிய நடை, தலைக்கு மேலே பரண். நடை முடிகிற இடத்தில் வலது பக்கம் திரும்பினால் ஹால். ஹாலுக்கு அப்பால் அடுப்பங்கரை, அதற்குப் பின்னால் கொல்லை. கொல்லையைச் சுற்றி மூன்று பக்கமும் அடுத்த வீடுகளின் சுவர். வீட்டுக்கு உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் அந்த நடை ஒன்றுதான் வழி.

மெஷினை டெம்போவில் நிற்கவைத்துக் கயிறு கட்டிக் காலையிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். டெம்போ எங்கள் சந்துக்குள் வராது. லோடுமேன்கள் முனையில் இறக்கி, சவுக்குக் கம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள். சாக்கடை ஓடுகிற வாறுகாலைத் தாண்டுகையில் ஒருவருக்குக் கால் வழுக்கி, எல்லாரும் ஒரே சமயத்தில் "ஏ, பாத்து, பாத்து" என்று கத்தினார்கள். எதிர் வீட்டுத் தெலுங்குக்கார அம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "ஏமம்மா, மகளுக்குச் சீரா? பீரோ வந்துட்டுதே" என்றார். என் மூத்தவள் அப்போது ஏழாவது படித்தாள்.

நான் வேலைக்குக் கிளம்பி, டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு ஹாலில் நின்றேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயாகிவிட்டது. அத்தை நாற்காலியில். வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தவர், தலையில் பஞ்சுத்தூசி போகாமல், வெளியே தள்ளுகிற பக்கம் நின்றார். கொழுந்தனார் உள்ளே வந்து இழுக்கிற பக்கம் நின்றார். வாசல் நிலை தாழ்வானது என்பதால் மெஷினைச் சாய்த்து நுழைத்தார்கள். நடைக்குள் பாதி வந்தது. மூலையில் திருப்ப முயன்றபோது தலை பரண் உத்திரத்தில் போய் முட்டியது. அடி, திருப்பத்தில் சுவரோடு மாட்டிக்கொண்டது. வெளியிலிருந்து நாலு பேர் சேர்ந்து ஒரு தள்ளு தள்ளினார்கள். மரம் கிறீச்சென்றது. அதோடு சரி. முன்னாலும் வராது, பின்னாலும் போகாது.

முதலில் அத்தைதான் கேட்டார்: "ஏலே, இப்ப நான் எப்படிலே வெளிய போறது?"

மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை போகிற இடைவெளிதான் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்காரர் குரல் மட்டும் வந்தது. "ஏட்டி, பயப்படாத. செத்த நேரத்துல எடுத்துருவோம்."

"எனக்கு வேலைக்கு நேரமாகுது."

"கம்பெனில சொல்லச் சொல்லி ஆள் அனுப்புதேன்."

லோடுமேன்களுக்கு வேறு லோடு இருந்தது. கூலியை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வருகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். நிலையைப் பெயர்த்துவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அத்தை, மாமனாரைச் சொல்லி, இருந்த இடத்திலிருந்தே, "அவிய பூசை போட்டு வச்ச நெலை. நான் இருக்கையில அதுல கை வைக்கக் கூடாது" என்று சத்தம் போட்டார். எதிர் வீட்டம்மா ஹால் ஜன்னலுக்கு வந்து, கொல்லைச் சுவரில் ஏணி வைத்து ஏறி வந்துவிடு, பக்கத்து வீட்டு வழியாகப் போகலாம் என்றார். ஏறியிருக்கலாம். சேலையைச் செருகிக்கொண்டு சுவர் ஏறி இறங்கி, பஸ் பிடித்து, தாமதத்துக்கு மேஸ்திரியிடம் பேச்சு வாங்கி, நாள் பூராவும் நின்றுகொண்டு துணி பார்க்க வேண்டும். "வேண்டாம்க்கா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பையைக் கீழே வைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததுதான் தெரியும். வெளியே சுத்தியல் சத்தம், அத்தையின் புலம்பல், ஜன்னலில் தெருப்பிள்ளைகளின் கூச்சல், எல்லாவற்றுக்கும் நடுவில் தூங்கிப்போனேன். பகலில் நான் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சின்னவள் பிறந்தபோது அம்மா வீட்டில் தூங்கியதுதான் கடைசியாக இருக்க வேண்டும்.

விழித்தபோது வெயில் ஹாலுக்குள் வந்திருந்தது. யாரோ என் தலைக்கடியில் மடித்த சமுக்காளத்தை வைத்திருந்தார்கள். அத்தை நாற்காலியிலேயே உறங்கிவிட்டார். கொழுந்தனார் மெஷினின் முதுகுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஸ்குரூ டிரைவர்.

"அண்ணன் எங்க?"

"எதிர் வீட்டுல படுத்திருக்கான் மதினி. கண்ணத் தொறக்க முடியலன்னான். நான்தான் போயிப் படுன்னேன்."

"நீங்க என்ன யோசிக்கிறிய?"

"பின்பலகையைக் கழட்டி, பிக்சர் ட்யூபையும் முன்னால இருக்க பட்டன் பலகையையும் எடுத்துட்டா எளச்சிரும். திருப்பிரலாம்."

"அப்ப எடுக்க வேண்டியதுதானே தம்பி."

அவர் ஸ்குரூ டிரைவரைக் கைமாற்றிப் பிடித்தார். "வயரெல்லாம் பழசு. ஒருக்கா பிரிச்சா பொறவு ஓடுமான்னு தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெட்டிக்காக வீடே அடைபட்டுக் கிடக்கிறதே என்று. ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன். அதனால்தானோ என்னவோ, கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. "ஓடலைன்னா என்ன தம்பி?" என்று கேட்டேன். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

ஸ்குரூ டிரைவரைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார். "பட்டாளத்துல எல்லாருக்கும் என்கிட்ட ஒரு சோலி இருந்துச்சு. வண்டி எடு, லோடு ஏத்து, இங்க போ. இங்க வந்த பொறவு யாருக்கும் என்கிட்ட ஒரு சோலியும் இல்ல மதினி. கேக்கிறது ஒரே கேள்வி. கடைல அந்தப் பையங்க வருவானுவ. மாமா, இத எப்படித் தாண்ட, அத எப்படி அடிக்கன்னு கேப்பானுவ. ஒருத்தன்கூட, ஏன் கல்யாணம் பண்ணலன்னு கேக்கல."

நானும் அதைக் கேட்டவள்தான். எத்தனையோ தரம். எழுந்து போய் டிபன் பாக்ஸை எடுத்து வந்தேன். கம்பெனியில் சாப்பிட வேண்டிய புளிச்சாதம். மூடியில் பாதியை வைத்து அவரிடம் கொடுத்தேன். "போதும் மதினி" என்றார். "இன்னுங் கொஞ்சம் சாப்பிடுங்க" என்றேன். சாப்பிட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து முதல் ஸ்குரூவைக் கழற்றினார். நான் டார்ச் லைட் பிடித்தேன். உள்ளே தூசியும் ஒட்டடையும் கலர் கலராக வயர்களும். எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிய, கம்பெனியிலிருந்து எப்போதோ கொண்டுவந்து வைத்திருந்த பழுதுப் பேண்டேஜ் துண்டுகளைக் கிழித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒன்று, ரெண்டு, மூன்று என்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். ட்யூபை இருவரும் சேர்ந்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல வெளியே எடுத்து அத்தையின் மெத்தையில் வைத்தோம். அத்தை விழித்துப் பார்த்து, "என் படுக்கைல என்னத்தட்டி வச்ச?" என்றார்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. சின்னவள் அழுதாள். கம்பி வழியாகக் கையை நீட்டி அவளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டேன். வீட்டுக்காரர் தூங்கி எழுந்து வந்து, வெளிப்பக்கம் நின்றபடியே பரண் பலகை ஒன்றைப் பெயர்த்து, உளியால் சுவர் மூலைப் பூச்சைக் கொத்தினார். லோடுமேன்கள் சொன்னபடி திரும்பி வரவில்லை. சந்துக்காரர்கள்தான் தள்ளினார்கள். கொழுந்தனார் உள்ளிருந்து, "இடப்பக்கம் அண்ணே, இன்னும் இடப்பக்கம்... தூக்கு... விட்டுராத" என்று ஏவிக்கொண்டே இழுத்தார். காரை பொலபொலவென்று உதிர, மெஷின் ஒரு குலுக்கலோடு ஹாலுக்குள் வந்து நின்றது. அதற்குப் பின்னாலேயே என் பிள்ளைகள் ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டன.

நான் துடைப்பத்தை எடுத்தேன். வீடு முழுக்கச் சுண்ணாம்பு.

மெஷினைத் திரும்பப் பூட்டி முடிக்கக் கொழுந்தனாருக்குச் சில நாள் பிடித்தது. ஓடியது. ஆனால் படத்தில் சிவப்பே வரவில்லை. சண்டை போடுகிற ஆட்கள், ரத்தம், நெருப்பு, எல்லாம் பச்சையும் நீலமுமாகத்தான் தெரியும். தெருப்பிள்ளைகளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஹால் நிறைந்துவிடும். நான் வேலை முடிந்து வருகையில் வாசலில் செருப்புக் குவியலைத் தாண்டித்தான் உள்ளே போவேன். தலை வெடிக்கும். மெஷினைப் போட்டால் அடுப்பங்கரை பல்பு மங்கிவிடும், அந்த வெளிச்சத்தில் காய் நறுக்க வேண்டும். பலமுறை, இன்றைக்கு நிறுத்தச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். அவர் ஒரு பையனின் கைமேல் கை வைத்துக் கைப்பிடியை ஆட்டிக் காட்டிக்கொண்டிருப்பார். நான் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, சோழபுரம் பக்கம் ஒரு மில்லில் அவருக்கு வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்தது. மில் பஸ். விடிகாலையில் ஊர் ஊராகப் போய் வேலைக்குப் பெண்களை ஏற்றி வர வேண்டும். அங்கேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டார். பிறகு மெஷினைக் கவனிக்க ஆளில்லை. பிள்ளைகள் கொஞ்ச நாள் ஆடினார்கள், சலித்துவிட்டது. அதன் மேல் பாயும் தலையணையும் ஏறின. அத்தை காலமான வருஷம் சாவுக்கு வந்தவர்கள் அதன் பட்டன் பலகையில் காபி டம்ளர்களை வைத்தார்கள். மூத்தவளைப் பெண் பார்க்க வருகையில் அதற்கு ஒரு சேலையைப் போர்த்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாரே வந்து அதைப் பிரித்தார். இந்தத் தடவை வயர்களுக்கு அடையாளம் எதுவும் கட்டவில்லை. மரப்பலகைகளைத் தனித்தனியாக அடுக்கினார், ட்யூபைச் சாக்கில் சுற்றினார். பழைய சாமான்காரர் தள்ளுவண்டியை வாசலிலேயே நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார். சுலபமாகப் போய்விட்டது.

"மதினிக்கு வருத்தமா?" என்று கேட்டார். அப்போது அவர் முன்னைவிடப் பேசுகிறவராகியிருந்தார். பஸ்ஸில் வருகிற பெண்கள் அவரைச் சும்மா விடுவதில்லையாம்.

"எனக்கென்ன தம்பி வருத்தம்? கூட்டிப் பெருக்க எடங் கெடச்சுது."

அவர் சிரித்தார். தோசை வார்த்துக் கொடுத்தேன், சாப்பிட்டார். இருந்துவிட்டுப் போகச் சொன்னேன். காலை டூட்டி இருக்கிறது, வாரேன் மதினி என்று கிளம்பிவிட்டார். அவர் வைத்துவிட்டுப் போன தட்டை நான் கழுவி வைத்தேன். மறுநாள் எனக்கும் வேலை இருந்தது.