நிழலில் பார்த்த வைரம்

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம் நடந்தது இது. எங்கள் வீடு திருப்பூருக்கு வடக்கே நெருப்பெரிச்சல் பக்கம். போனஸ் வாங்கிக்கொண்டு தெற்கத்திச் சனமும் வடக்கத்திப் பிள்ளைகளும் ஊருக்குப் போய்விட்டால், அந்த ஒரு வாரம் இங்கே மிஷின் சத்தமே இருக்காது. தூரத்தில் மயில் அகவுவதுகூடக் காதில் விழும். வானம் மூட்டம் போட்டு, பகலெல்லாம் விடிகாலை மாதிரியே இருந்தது. தூக்கத்தில் நடப்பதுபோல நான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என் வீட்டுக்காரர் அங்கேயே கட்டிங் மாஸ்டர். இரண்டு பேரும் வேலையை விட்டு நின்று வெகு காலமாகிறது. இப்போது மகன் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறான்.

அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறு வந்தது. விழிக்குப் பின்னால் நடுப்பக்கம் வாடிப்போயிருக்கிறது, ஓரம் மட்டும் கொஞ்சம் மிஞ்சும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கருப்புப் புள்ளி வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். "செவுரு தெரியுது, கதவு தெரியுது, உன்ற மூஞ்சி மட்டுந்தான் புள்ள தெரிய மாட்டேங்குது" என்று சிரித்தார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் வைர மூக்குத்திப் பேச்சை எடுத்தார். கல்யாணமான புதிதில் வாங்கித் தருவதாகச் சொன்னது அது. நானே மறந்துவிட்டேன். "கொஞ்சமாச்சும் தெரியறப்பவே பாத்துக்கறேன்" என்று ஒரே பிடியாக நின்றார். மகனும் சரி என்றான்.

எங்கள் குடும்பத்துக்கு என்று ஒரு நகைக்கடை உண்டு. என் தாலியைச் செய்ததே இப்போது கடையில் இருப்பவருடைய அப்பாதான். இப்போது இருப்பவர் என்னை அக்கா என்பார். கடைக்குப் போனால் நான் பேச மாட்டேன். எதைக் காட்டினாலும் "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்கும் அப்படித்தான்.

கடைக்காரர் இரண்டு கற்களை வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். அளவில் பெரிய வித்தியாசமில்லை. விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் தீப்பொறி மாதிரி தெறித்தன. கையில் லென்ஸைக் கொடுத்து, "பாருங்கக்கா, கூச்சப்படாதீங்க" என்றார். முதல் கல் கழுவி வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது. இரண்டாவது கல்லில், ஓரமாக, பஞ்சில் ஒட்டிய தூசி மாதிரி ஒரு கருப்புப் புள்ளி.

அதைப் பார்த்ததும் லென்ஸைக் கீழே வைத்துவிட்டேன். புள்ளி விழுந்த வைரம் கட்டினவனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதோடு என் கண்ணும் செக்கிங் கண். எவ்வளவு நல்ல துணியானாலும் ஒரு கறை தெரிந்தால் கை தானாக அந்தப் பீஸை ஒதுக்கிவிடும்.

என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். "அது தோஷமில்லீங்கக்கா. மண்ணுக்குள்ள கெடக்கறப்பவே கல்லுக்குள்ள உண்டானது. நம்ம மேல மச்சம் இருக்கறாப்புல." சுத்தமான கல்லுக்கு விலை கூடுதல், சர்டிபிகேட்டிலும் அதற்குத்தான் நல்ல பேர் என்றார். கற்களைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்து, மஞ்சள் சாயல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இரண்டும் வெள்ளைதான். கடைசியாக, "எடையும் சுத்தமும் காயிதத்துல எழுதிருவாங்க. வெட்டு நல்லா இருக்குதான்னு கண்ணுதான் சொல்லோணும். அடி கனமா உட்டு வெட்டிட்டா, உள்ள போற வெளிச்சம் மேல திரும்பி வராது, கீழயே போயிரும்" என்றார்.

அதுவரை பேசாமல் இருந்த என் வீட்டுக்காரர், "கேட்டியா புள்ள, கல்லுக்கும் கட்டிங் மாஸ்டர் வேணுமாமா" என்றார். கடையே சிரித்தது.

"கடை வெளிச்சத்துல கண்ணாடிச் சில்லும் மின்னுமுங்க. ரெண்டையும் ஊட்டுக்குக் கொண்டுபோயி நெழல்ல வெச்சுப் பாருங்க" என்று, கற்களை மூக்கில் மாட்டிப் பார்க்கும்படி தற்காலிகமாக வெள்ளிக் கம்பிகளில் கவ்வ வைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். முன்பணம்கூடக் கேட்கவில்லை.

வைரத்தை வாங்கும் முன் தலைமாட்டில் வைத்துப் படுத்து, என்ன கனவு வருகிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம். எனக்கு ராத்தூக்கம் கிடையாது, மத்தியானத் தூக்கம்தான். சுத்தமான கல்லைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். புள்ளிக் கல்லை வைக்கப் பயம். அதை முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

கனவில் வெள்ளைத் துணி வந்தது. ஆறு மாதிரி, சத்தமே இல்லாமல், என் மேசை மேல் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஓட்டை தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்றுகூட இல்லை. பின்னால் யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள். திரும்பினால் துணி தப்பிவிடுமே என்று நான் திரும்பவே இல்லை. அப்படியே விழிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்கத்தை, கனவு வந்துச்சுங்களா?" என்றாள் மருமகள்.

"துணி வந்துச்சு கண்ணு."

"வைரத்தை வெச்சுப் படுத்தும் கம்பெனிக் கனவுதானுங்களா" என்று சிரித்தாள். நல்ல கனவா கெட்ட கனவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் சுத்தமான கல்லைத்தான் எடுப்பது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். என் வீட்டுக்காரருடைய உயிர் சம்பந்தப்பட்டதாயிற்றே.

ராத்திரி பெய்த மழை மறுநாள் காலையில் விட்டிருந்தது. வாசல் எல்லாம் ஈரம். வெயில் இல்லை, பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம். அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுத்தமான கல்லை மூக்கில் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கோழி பார்ப்பதுபோலத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, கண்ணோரத்தால் தேடினார். மறுபக்கமும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "போட்டிருக்கறயா?" என்று கேட்டார்.

கல்லைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனேன். முருகன் படத்துக்கு முன்னால் இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு, அதே இடத்தில் வந்து நின்றேன். மூச்சு விடத்தான் முகத்தைக் கொஞ்சம் தூக்கியிருப்பேன்.

"அட" என்றார் மெதுவாக. "இப்பத்தான் தெரியுது. கொழாகிட்ட நிக்கறே. தலையத் திருப்பு பாக்கலாம்... ஆமா, அதுதான்." விரலை நீட்டிக் காட்டினார். விரல் சரியாக என் மூக்குக்கு நேராக இருந்தது. முகம் தெரியவில்லை, ஆனால் நான் நிற்கும் இடத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் அணைந்து அணைந்து எரிகிறது என்றார்.

கிட்டே போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். மறைக்க மனசு வரவில்லை. "இதுல புள்ளி இருக்குதுங்க. உங்களுக்கு ஆகாதும்பாங்க. வேண்டாங்க" என்றேன். சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது.

அவர் கையால் துழாவி என் தலையைத் தொட்டார். "என்ற கண்ணுக்குள்ளயே நட்ட நடுவுல புள்ளி உழுந்து கெடக்குது. அதுக்காவ என்னைய ஒதுக்கி வெச்சுட்டயா? இது பாவம், ஓரத்துலதான இருக்குது."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

அன்று மாலையே கடைக்குப் போனோம். சர்டிபிகேட்டில் நல்ல பேர் வாங்கிய கல்லையே எடுத்துக்கொள்ளச் சொல்லி மகன் வற்புறுத்தினான். கடைக்காரர் என்னையே பார்த்தார். முந்தானையை விட்டுவிட்டு, "எனக்கு இதே போதுங்க. இவுங்களுக்கு இதுதான் தெரியுது" என்றேன். நல்லா இருக்குது என்பதைத் தவிர அந்தக் கடையில் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் பேச்சு அதுதான். கடைக்காரர் விளக்கை அணைத்து, ஜன்னல் பக்கம் கல்லைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எங்கய்யன் இருந்திருந்தாலும் இதத்தானுங்க எடுத்துக் குடுத்திருப்பாரு" என்றார்.

இப்போது என் வீட்டுக்காரருக்குப் பார்வை இன்னும் குறுகிவிட்டது. ஆனாலும் காலையில் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் தலையைச் சாய்த்துக் கண்ணோரத்தால் என்னைத் தேடுவார். ஆயுசெல்லாம் யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றே பழகியவள் நான். இப்போது அவர் தேட ஆரம்பித்ததும் எங்கே வெளிச்சம் விழுகிறது என்று பார்த்து, அங்கே போய் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.