இசக்கியின் பகல் உறக்கம்

போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் பஸ்ஸில், குருபரப்பள்ளியில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். சூளகிரி வருவதற்குள் அவள் தலை என் தோளில் இருந்தது. நெற்றி நிறைய தலைவலித் தைலம் பூசியிருந்தாள். கண்ணில் நீர் வரவைக்கும் அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. வந்தது எரிச்சல். நன்றாக ஊறிய, பழைய எரிச்சல். அது இந்தப் பெண்ணுக்குச் சேரவேண்டியதில்லை என்று தெரிந்தும் தோளை ஒருமுறை உலுக்கிப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

சேரவேண்டியவள் பெயர் இசக்கியம்மாள். திருநெல்வேலிப் பக்கம். ஓசூர் தொழிற்பேட்டையில் செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் இரவு ஷிஃப்ட். ஒரு காலத்தில் அவளும் நானும் ஒரே வரிசை வீட்டில், ஒரே சுவரின் இரண்டு பக்கங்களில் குடியிருந்தோம். சுவர் என்பதுகூடப் பெரிய வார்த்தை. வீட்டுக்கார ரத்தினம்மா ஒரு பெரிய கூடத்தை இரண்டு வீடாக்க ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி எழுப்பியது அது. கூரைவரை போகவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி, அதற்குமேல் சிமெண்டு ஷீட். காற்றோட்டத்துக்கு விட்டது என்பாள் ரத்தினம்மா. கல் தீர்ந்துபோயிருக்கும் என்பது என் கணிப்பு. அந்த ஒரு முழ இடைவெளி வழியாகத்தான் அவளும் பூசிக்கொள்ளும் அதே தைலத்தின் நெடி இந்தப் பக்கம் வந்தது. என் குரல் அந்தப் பக்கம் போனது.

நான் அப்போதுதான் வேலையை விட்டுவிட்டு, தனியாக எழுதிப் பிழைப்பது என்று கிளம்பியிருந்தேன். என் ஊர் சிங்காரப்பேட்டை. "வூட்ல குந்திக்கினு எழுதறதெல்லாம் ஒரு வேலையா? அதுக்கு நம்ம வூட்லயே குந்தலாமே" என்று அப்பா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கே போய் உட்கார்ந்தால் அடுத்து மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் ஓசூரை விட்டு நகரக்கூடாது. நகராமல் இருக்க, கிடைத்ததையெல்லாம் எழுதினேன். மிக்சி கையேட்டை மொழிபெயர்த்தேன். உரக்கடைக் காலண்டருக்கு மாதம் ஒரு வாசகம் எழுதினேன். கல்யாண மண்டபத் திறப்பு விழாவுக்கு வரவேற்புரை எழுதிக் கொடுத்தேன். வரவேற்கப்பட்டவரைப் பற்றி ஒன்றும் தெரியாமலே அவரை மூன்று பத்தி புகழ்ந்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் என் சொந்த எழுத்து என்று ஒன்று இருந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டிலிருந்து வந்து கேழ்வரகுக் கொல்லையை அழிக்கும் யானையைப் பற்றி ஒரு குறுநாவல். ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். தீபாவளிக்குக் கேட்டவர், பிறகு பொங்கலுக்குக் கேட்டார். பிறகு, "எப்ப முடியுதோ அப்பக் குடுங்க" என்றார். எழுதுகிறவர்களுக்குத் தெரியும், அது பெருந்தன்மை அல்ல, தலைமுழுகுவது.

வேலை நடக்காமல் இல்லை. அந்தக் குறுநாவலை எழுத உட்காரும் ஒவ்வொரு நாளும் ஃபேன் இறக்கையைத் துடைத்திருக்கிறேன். துவரம்பருப்பில் கல் பொறுக்கியிருக்கிறேன். கடைப் பருப்பில் கல்லே இருக்காது, அதனால் அது சீக்கிரம் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்கிற சொல்லைக் கண்டுபிடித்தவர் கட்டாயம் ஒரு சோம்பேறி எழுத்தாளராக இருப்பார். யானைக்கு எத்தனை முறை பல் முளைக்கும், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் போகும், எல்லாம் தெரிந்துவைத்திருந்தேன். தேன்கனிக்கோட்டைக்குப் பஸ் ஏறிப்போய் ஒரு விவசாயியைப் பார்த்துப் பழக்கமும் பிடித்து வந்தேன். அவருக்குக் காது மந்தம். அதனால் போனில் கத்தித்தான் கேட்கவேண்டும்.

"ஆனை எந்தப் பக்கத்துல இருந்து எறங்குச்சிங்க?"

"என்னாது?"

"ஆனைங்க, ஆனை! எந்தப் பக்கம்?"

அவர் பதில் சொல்வதற்குள் சுவர் சொன்னது. டம், டம், டம். பித்தளைச் சொம்பால் அடிக்கிற சத்தம்.

"எக்கா! பகல்ல ஒரு மனுசி உறங்க வேண்டாமா? என்னத்துக்கு இப்பிடிக் கத்துதிய?"

இதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. கவனியுங்கள், "கத்துதிய" என்று மரியாதை கொடுத்திருந்தாள். அந்த மரியாதை நாலு நாள் தாங்கவில்லை.

என் இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுதிய வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் என்னால் அடுத்ததற்குப் போக முடியாது. குறுநாவலின் முதல் வாக்கியத்தை அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். "யானை காட்டின் விளிம்பில் வந்து நின்றது." சரியில்லை. "காட்டின் விளிம்பில் வந்து நின்றது யானை." இதுவும் சரியில்லை. "விளிம்பில், காட்டின் விளிம்பில்..." காலையில் தொடங்கினால் மத்தியானச் சோறு வரைக்கும் யானை அங்கேயே நிற்கும். மறுநாளும் நிற்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் இரவெல்லாம் கண்விழித்து, மயிரிழை போன்ற ஒயரைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பற்றவைத்துவிட்டு வந்த ஒருத்தி படுத்திருந்தாள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? விடிகாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், நான் அசந்து தூங்கும் நேரம் பார்த்து, குக்கரை அடுப்பில் வைத்தாள். அந்தக் குக்கர் விசில் போட்டதைப்போல இந்த வட்டாரத்தில் எந்தப் பஸ் கண்டக்டரும் போட்டதில்லை. அதற்குப் பதிலடியாக நான், அவள் படுக்கும் நேரத்தில் மிக்சியில் வெறும் பொட்டுக்கடலையைப் போட்டு ஓட்டினேன். தின்று தீர்க்க முடியாத அளவுக்கு என் வீட்டில் பொட்டுக்கடலை மாவு சேர்ந்துபோனது. அவள் என் துணிகளைக் கொடியில் ஓரமாக ஒதுக்கிச் சுருட்டிவைத்தாள். நான் தண்ணீர் வரும் நேரத்தில் முதல் ஆளாகக் குழாயடியில் நின்று, அவள் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும்படி மெதுவாகப் பிடித்தேன்.

ரத்தினம்மாவிடம் பஞ்சாயத்து போனது. அவள் தெலுங்குக்காரி. கோபம் வந்தால் தெலுங்கும் தமிழும் ஒன்றாக வரும். "ஏமம்மா இது, ரோஜூ ரோஜூ, தினம் தினம்? நீ தூங்கறது தப்பில்ல, நீ பேசறது தப்பில்ல, உங்க ரெண்டு பேருக்கும் வீடு குடுத்தேன் பாரு, நான்தான் தப்பு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அப்புறம் ஒருநாள் நடந்ததைத்தான் இன்றைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை. வழக்கம்போல வாக்கியத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். சொம்புச் சத்தம் வரவில்லை. குரல் மட்டும் வந்தது. வெளியே குழாயடியில் நின்ற அத்தனை பெண்களுக்கும் கேட்கிற குரல்.

"ஏக்கா! அந்த ஆனை இன்னும் அங்கனயேதான் நிக்குதா? ஒண்ணு உள்ள போகச் சொல்லு, இல்லேன்னா வெளிய வரச் சொல்லு! எத்தன மாசமா நிக்கும்? அதுக்கே கால் வலிக்கும்!"

குழாயடி சிரித்தது. அன்றிலிருந்து வரிசை முழுக்க எனக்குப் பெயர் ஆனைக்காரி. "ஆனை எறங்கிடுச்சாக்கா?" என்று தண்ணீர்க் குடத்தோடு நிற்பவள்கூடக் கேட்டாள். என் ஆசிரியர் கேட்காமல் விட்டதை ஊர் கேட்க ஆரம்பித்தது. அறைக்குள் வந்து சுவரைப் பார்த்துக் கத்தினேன். "எங்க வூட்ல நான் பேசறேன், உனுக்கு என்னா?" அவள் அதற்குள் தூங்கியிருப்பாள். அதுதான் இன்னும் எரிந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு காலையில் என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் இசக்கி. கம்பெனி சீருடையோடு, கண்கள் சிவந்து, தலை வாராமல் நின்றாள். அத்தனை நாளில் அவளை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான். என்னைவிட வயதில் சிறியவள். சுவர் வழியாக வந்த குரலுக்கு இந்த உடம்பு பொருந்தவே இல்லை, அவ்வளவு ஒல்லி.

"லைன்ல கண்ணசந்துட்டேன்" என்றாள். "சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் நிக்கவச்சான். ஒரு வாரம் வராதன்னுட்டான். இன்னொரு தடவ அசந்தா ஒரேடியா ஊருக்குப் போயிரணுமாம். ஊருக்குப் போனா எனக்கு என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றும் கேட்கப்போவதில்லை. ஒரு பெண்ணை இரவெல்லாம் கண்விழிக்கவைத்து, பகலில் தூங்க ஒரு நல்ல அறைகூடத் தராத கம்பெனியை விட்டுவிட்டு என் வாயைக் குற்றம் சொன்னால் எப்படி? ஆனால் ஊருக்குப் போனால் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் கதவைச் சாத்தவில்லை.

அவள் உள்ளே வந்து என்னிடம் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். "போனக் குடு" என்றாள். ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள், கொடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒன் ஆனை வெளிய வந்தாத்தான் நான் உறங்க முடியும். எழுது. வாயத் தொறக்கப்பிடாது."

"நீ யாரு என்னை எழுதச் சொல்றதுக்கு?"

"பக்கத்து வீட்டுக்காரி. எழுது."

அரிசி டின்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு கேட்டது. ஃபேனைத் துடைக்க எழுந்திருக்க முடியாது, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆராய்ச்சி செய்ய முடியாது, போன் அவளிடம். திரையில் யானை நின்றுகொண்டிருந்தது. உலகத்தில் ஒருவரையும் அந்த அளவு நான் வெறுத்ததில்லை. யானையைத்தான் முதலில் சொல்கிறேன், அடுத்தது அவள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டிருந்தாள். போனை எடுத்திருக்கலாம். ஆனால் தொட்டால் விழித்துக்கொள்வாள், விழித்தால் வாய் திறப்பாள். அந்தப் பயத்தில் வாக்கியத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு அடுத்ததை எழுதினேன். அப்புறம் அதற்கடுத்தது. சத்தமில்லாமல், பற்களைக் கடித்துக்கொண்டு. அன்று சாயங்காலத்துக்குள் யானை கொல்லைக்குள் இறங்கி, கேழ்வரகை மிதித்து, வரப்பை உடைத்துவிட்டது.

விழித்தவள், "முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சீ" என்று போனைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க வந்தாள். நாங்கள் சிநேகிதிகளாகிவிட்டோம் என்று நீங்கள் நினைத்தால் அது என் தவறு, சரியாகச் சொல்லவில்லை. நான் டீ போட்டேன், எனக்கு மட்டும். அவள் வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுவந்து என் முதுகுக்குப் பின்னால் நொறுக்கித் தின்றாள், ஒன்றைக்கூட நீட்டவில்லை. தின்றுவிட்டுத் தூங்கினாள். நான் எழுதினேன்.

கடைசி நாள் முடித்துவிட்டு, "படிக்கிறேன், கேளு" என்றேன். பழிவாங்கும் எண்ணம்தான். முதல் வரியிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தேன். இசக்கி கண்ணைச் சிமிட்டாமல் கேட்டாள். முடித்ததும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஏதோ வரும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, வெட்கக்கேடு.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா எம்பொழப்பக் கெடுத்த?"

எழுந்து, சீருடையை உதறிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனாள். அந்தக் குறுநாவல் வெளிவந்தபோது சிலர் அதைப் பாராட்டி எழுதினார்கள். அவர்கள் எழுதியதில் ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை.

அடுத்த கோடையில் கம்பெனி தன் ஆட்களுக்கு விடுதி கட்டியது. ஒரு காலையில் வேன் வந்து வரிசையிலிருந்த கம்பெனிப் பெண்களையெல்லாம் மூட்டை முடிச்சோடு ஏற்றிக்கொண்டது. அவள் கையில் என் சிவப்பு பக்கெட். "ஏய், அது என்னுது!" என்று ஓடினேன். "ஒன் பேரு எழுதியிருக்கா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். வேன் ஆனேக்கல் சாலைத் திருப்பத்தில் மறையும்வரை இருவரும் கத்திக்கொண்டிருந்தோம். பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்று, வீட்டுக்குப் போகாமல் பழைய தெருவுக்குப் போனேன். ரத்தினம்மா இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாளாம். மகன்கள் இடத்தை விற்றுவிட்டார்கள். மாட்டுக்கொட்டகை இல்லை, குழாயடி இல்லை, வரிசை வீடுகள் இல்லை. கண்ணாடி பதித்த ஐந்து மாடி விடுதி நின்றது, ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே ஏசி. வாசலில் காவலுக்கு இருந்த இளைஞன், "யாரைப் பாக்கணும்?" என்றான்.

"யாரையும் இல்ல. முன்னாடி இங்க குடியிருந்தேன்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இங்க முன்னாடி வீடே இல்லியேம்மா. வெறும் காலி மனை. எனக்குத் தெரியும்."

"நான் இருந்தேன்னு சொல்றேன்."

"அட்ரெஸ் மாறி வந்துட்டீங்க" என்று கேட்டை இழுத்துச் சாத்தினான்.

இசக்கி மட்டும் பக்கத்தில் நின்றிருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். எனக்கு அந்தக் குரல் கிடையாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சண்டைக்குத் துணையில்லாமல் திரும்பி நடந்தேன்.