உள்ளறையில் இருந்தவர்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களை ‘வாங்க’ என்று வாய் திறந்து கேட்காவிட்டால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. எங்கள் வீட்டுக் காதுகுத்தில், இளம்பிள்ளையிலிருந்து வந்திருந்த தன் அண்ணன் மனைவியை அம்மா அப்படிக் கேட்கவில்லை. பார்த்தும் பார்க்காதவள்போல் போய்விட்டாள். அவர்கள் சாப்பிடாமலே எழுந்து போனார்கள். திமிர் என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் அதையே சொல்லி எல்லோர் முன்னாலும் அம்மாவைத் திட்டினேன்.

பிறகு அம்மாவின் போக்கு இன்னும் மாறிக்கொண்டே வரவும், டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். தேதி கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். பள்ளிக்கூடமே போகாத அம்மா எல்லாவற்றுக்கும் ‘ஆமாங்க, செரிங்க’ என்று மரியாதையாகத் தலையாட்டினாள். இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் காகிதத்தை ஒதுக்கிவிட்டு, முன்பு தவறாமல் செய்த எதை இப்போது விட்டுவிட்டார் என்று என்னிடம் கேட்டார். எனக்கு அந்தக் காதுகுத்து ஞாபகம் வந்தது. வந்தவர் யாரென்றே அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. மறதி நோய் என்றார் டாக்டர்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பி, அங்கே பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு இந்த மறதி நோய் இருப்பதைத் தானே எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார் என்றான். உனக்கென்னடா, நீ சுலபமாகச் சொல்லுவாய் என்று எரிந்து விழுந்தேன். இங்கே அதைப் பைத்தியம் என்பார்கள், வம்சத்தில் ஓடுகிறது என்பார்கள். எனக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்.

திருச்செங்கோட்டிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று அம்மாவை உள்ளறையில் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அம்மா மேச்சேரியில் என் அக்கா வீட்டில் இருப்பதாக வந்தவர்களிடம் சொன்னேன். காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வாங்க, எல்லாரும் வாங்க.”

கதவைத் தட்டித் தட்டி அழைத்தாள். என் பெயரே சில நாள் மறந்துபோகிறவளுக்கு, ஆள் அரவம் கேட்டதும் இது மட்டும் எப்படியோ திரும்பி வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார்.

“உள்ளார ஆருங்க அது?”

“வேலைக்கு இருக்கற அம்மாங்க,” என்றேன்.

தட்டோடு நின்ற என் மகள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அம்மா முந்தானையைச் சரியாகப் போர்த்திக்கொண்டு கதவோரமாகவே நின்றிருந்தாள்.

“வந்தவங்க சோறு உண்டாங்களா சாமி?”

“உண்டாங்கம்மா.”

“என்னையக் கேட்டாங்களா?”

கேட்டார்கள் என்றேன். அது பொய்யில்லை. அம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

அடுத்த மாதம் கல்யாணம். மண்டபத்தில் அவளை யாரென்று சொல்லி உட்காரவைப்பேன்?