தீபாவளி இட்லியும் மாடி அறையும்

சாத்தாங்காடு இரும்புக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதமாகியும் எனக்குப் படுக்க ஓர் இடம் இல்லை. தகடு ஏற்றி வரும் லாரிகளில், டிரைவர் மனது வைத்தால் கேபினில் படுப்பேன். இல்லாவிட்டால் எடைமேடை ஓரம் அட்டையை விரிப்பேன். அது எனக்குப் பழக்கம்தான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து எந்த ஊரிலும் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஆனால் அந்த ஐப்பசியில் மழை முந்திக்கொண்டது. கிடங்குக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். இரும்பு கிழித்த கால் ஆறவே இல்லை. ஓர் அறை வேண்டும் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

கிடங்கில் கிரேன் ஓட்டும் நண்பன் வழி சொன்னான். திருவொற்றியூரில் அவனுடைய அக்காள் வீட்டு மாடியில் ஷீட் போட்ட அறை ஒன்று காலியாக இருந்தது. கணவர் போன பிறகு அந்த வீட்டைத் தனியாகக் காப்பாற்றுகிறவர் அவர். வீடு கேட்டு வருகிறவனிடம் ஆதார் கார்டெல்லாம் கேட்க மாட்டார். ஒரு வேளை சாப்பிடக் கூப்பிடுவார். எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். ஒருவன் குடிக்கிறவனா, அடிக்கிறவனா என்பது அவன் சாப்பிடுவதிலேயே தெரிந்துவிடுமாம்.

"தீவாளி அன்னிக்கு வரச் சொல்லிக்கீது மாமு. ஒயுங்கா துன்னு. ரூம் உன்னுது."

சிக்கலே அதில்தான். நான் கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய்யும் தொடுவதில்லை. சாமிக்காக அல்ல. முன்பு ஒரு மாட்டுக் கொட்டகையில் இரண்டு மாதம் சாணி அள்ளினேன். செத்துப்போன கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து, பால் கறக்கும்போது பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு மோந்து பார்க்கும். விலகும். மறுபடி மோந்து பார்க்கும். பிறகு நக்க ஆரம்பித்துப் பாலை விடும். அந்தக் கன்றைத் தினமும் எடுத்து நிறுத்தியவன் நான். அந்த வேலையை விட்டபோது பாலையும் விட்டேன். கறியும் மீனும் பின்னாலேயே போயின. இதற்கு வீகன் என்று ஒரு பெயர் இருப்பது வெகுநாள் கழித்து ஒரு செல்போன் வீடியோ பார்த்துத்தான் தெரிந்தது.

நண்பன் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டான். அப்படியும் தீபாவளி காலையில் நான் போய் உட்கார்ந்ததும் அவர் விசாரணையைத் தொடங்கினார்.

"இன்னா, வேண்டுதலா?"

"இல்லக்கா."

"ஒடம்பு சொகமில்லியா?"

"நல்லா கீறேன்க்கா."

"யாராச்சும் சோத்துல மருந்து வெச்சிட்டாங்களா?"

"அதுவும் இல்லக்கா."

அவர் முகம் இன்னும் இறுகியது. நண்பன் தட்டில் இட்லிமேல் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றினார். எனக்கு வேறொரு சட்டியிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பு. நடுவில் ஒரு தட்டில் மைசூர்பாகும் உளுந்து வடையும். மைசூர்பாகு நெய். வடை சுட்ட எண்ணெய் அதற்கு முன்னால் எதைச் சுட்டது என்று தெரியாது. இரண்டையும் தொடாமல் இருந்தேன். தொடாததை அவர் பார்த்தார்.

நண்பன் பேச்சை மாற்றப் பார்த்தான். "யோசிச்சிப் பாரு மாமு. நரகாசுரன் செத்தான்னு ஊரே ஆடு வெட்டுது. அவன் மட்டும் பொயச்சிருந்தான்னா, இத்தினி ஆடும் பொயச்சிருக்கும்."

"அவன் இன்னா சாப்ட்டான்னு எவனாச்சும் எழுதி வெச்சானா?" என்றேன். "கீரை சாப்ட்டவனா கூட இருக்கலாம்."

"கீரை துன்னுட்டா பூமிய ஆட்டி வெச்சான்? போடா. அப்போ மகிசாசுரன்?"

"அவன் பாதி எருமை. பால் குடிச்சா சொந்தக்காரங்க பால குடிச்ச மாறி ஆயிடும். வாய்ப்பே இல்ல."

நண்பனுக்குப் புரையேறியது. அக்கா சிரிக்கவில்லை.

"பகாசுரன் வண்டி சோத்தையும் துன்னான், வண்டி மாட்டையும் துன்னான், ஓட்டிகினு வந்த ஆளையும் துன்னான்," என்றார். "அவன் மாடில இருந்தா கூட எனக்கு பயமில்ல நைனா. பசி தெரியும். ஒரு வண்டி சோறு அனுப்பினா கம்முனு கெடப்பான். எத்த குட்த்தாலும் வேணாங்கறவன்தான் பேஜாரு. அவனுக்கு இன்னா வேணும்னே தெரியாது."

சொல்லிவிட்டு என் தட்டைப் பார்த்தார். நான் இட்லியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தேன். மூன்றாவது இட்லியில், கத்தரிக்காய்த் துண்டின் ஓரத்தில், மிளகுத்தூள்போல இரண்டு கறுப்புப் புள்ளிகள். விரலால் தள்ளினேன். புள்ளிக்குப் பின்னால் நகத்துண்டு மாதிரி வளைந்த உடம்பு. எண்ணூர்ப் பக்கம் கருவாட்டு மூட்டை தூக்கியவன் நான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. சென்னாக்குன்னி. காயவைத்த பொடி இறால்.

வேண்டுமென்றே போட்டாரா? நான் சொல்வது மெய்யா, பொய்யா என்று பார்க்கிறாரா? நண்பன் முட்டியால் என் தொடையை இடித்தான். அவனும் பார்த்துவிட்டான். விழுங்கிவிடு என்று அர்த்தம். விழுங்கினால் அறை. ஈரச் செருப்புக்குள் வலித்த கால் ஞாபகம் வந்தது. முன்பே விழுங்கிய இரண்டு இட்லியும் ஞாபகம் வந்தது. தட்டை ஒரு விரல் அகலம் நகர்த்தினேன்.

"அக்கா, இதுல சென்னாக்குன்னி கீது."

"ஆமா. வாசனைக்கு."

"நான் அத்த சாப்ட மாட்டேன்க்கா."

அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை என்றுதான் பட்டது. "அது மீனா? எந்த ஊர்ல அத்த மீனுன்றாங்க? பெருங்காயம் மாறி ஒரு பிடி. உனக்குன்னு புதுச் சட்டி எட்த்தேன். கறி வெட்ன கத்தியக் கூட தொடல. கறி, மீனு, முட்ட, பாலுன்னுதான் இவன் சொன்னான். சென்னாக்குன்னின்னு சொன்னானா?"

"நான் சொல்லல," என்றான் நண்பன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அக்கா என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அறை போய்விட்டது என்று நினைத்தேன். தெருவில் சரவெடி ஒன்று முழுதாக வெடித்து ஓய்ந்தது. வேறு தட்டில் வெறும் இட்லியும் பொடியும் கொண்டுவந்து வைத்தார். ஒரு நல்லெண்ணெய்ப் பாக்கெட்டை என் கண்முன்னால் நீட்டினார்.

"பிரிக்கல. பாத்துக்கோ."

நான் வாங்கித் திருப்பினேன். ஓரங்களைத் தடவிப் பார்த்தேன். அப்புறம்தான் என்ன செய்கிறேன் என்பதே உறைத்தது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ என்ன நம்பல," என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. "இல்லக்கா."

"நானும் உன்ன நம்பல." பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்துப் பொடிமேல் ஊற்றினார். "ஆனா மூஞ்சிக்கு நேரா சொன்ன. இதுக்கு முன்னாடி இருந்தவன் நல்லா கீதுக்கா, நல்லா கீதுக்கான்னு துன்னுட்டுத்தான் என் கேஸ் அடுப்பத் தூக்கினு போனான். துன்னு. துன்னுட்டு போயி உன் பைய எட்த்தா. தொறந்து காட்டிட்டு மாடி ஏறு."

அன்று மதியமே கிடங்கிலிருந்து பையைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தேன். அவர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். இரண்டு சட்டை, ஒரு லுங்கி, சோப்பு டப்பா. சோப்பு டப்பாவையும் திறந்து பார்த்தார்.