இடப்பக்க வாசல்

உச்-தெரெக் ஊரில் உலாக் என்னும் குதிரையாட்டத்தைப் பற்றித் தானாக வாய் திறக்காத ஆள் ஒருத்திதான். அந்த ஆட்டத்தைப் பற்றி எல்லாரையும்விட அதிகம் தெரிந்தவளும் அவளேதான்.

பள்ளிக்கூடச் சமையல்காரி புருல்கானுக்கு வயது ஐம்பத்து நான்கு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடிய இடத்தில் அவள் குரல் எழும்பாது. ஆனால் ஊரில் ஆட்டத்தைப் பற்றி வாக்குவாதம் முற்றிவிட்டால் ஆண்கள் சமையற்கட்டின் பின் ஜன்னலுக்குத்தான் வருவார்கள்.

"புருல் அக்கா, அந்தப் பெருமழை வருஷம் கடைசி உலாக்கை எடுத்தது யாரு? சாம்பல் குதிரைக்காரனா, அவன் தம்பியா?"

"தம்பி. குதிரைதான் அண்ணனோடது." அவ்வளவுதான். மறுபடியும் மாவு பிசையத் திரும்பிவிடுவாள். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் இன்னொருவனின் முதுகில் அடிக்கும் சத்தம் கேட்கும்.

தலையை வெட்டி, கால்களை முழங்காலோடு நறுக்கி, தோல் கிழியாமல் இருக்க இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட வெள்ளாட்டு உடல்தான் உலாக். நனைந்தபின் ஒரு மூட்டை மாவைவிடச் சற்றுக் குறைவான கனம் இருக்கும். குதிரையில் இருந்தபடி அதைத் தரையிலிருந்து அள்ளி, காலுக்கடியில் இடுக்கி, பிடுங்க வருகிறவர்களிடமிருந்து தப்பிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கட்சி கிடையாது. எண்பது குதிரை இறங்கினால் எண்பது பேரும் ஒருவருக்கொருவர் எதிரி. இப்போது பக்கத்துக்கு நாலு பேர், முதுகில் எண், இருபது நிமிடத்துக்கு ஒரு ஊதல், உலாக்கைப் போடக் கொப்பரை வடிவில் மண்ணால் கட்டிய மேடை. ஆடுகூட ரப்பரில் செய்ததுதான். ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தம் உண்டு, குதிரைகள் லாரியில் வந்து இறங்குகின்றன.

"ரப்பர் ஆட்டுக்கு அடிச்சிக்கிறவன் ஆம்பளையா?" என்பார்கள் கிழவர்கள்.

"உங்க காலத்துல உலாக் யார் கையில இருக்குன்னு குதிரைக்கே தெரியாதே பெரியப்பா," என்பார்கள் இளசுகள்.

இரண்டு பேச்சும் புருல்கானுக்குப் பிடிக்காது. அவள் இரண்டையும் பார்த்தவள். பெண்பிள்ளைகளை மைதானத்தின் பக்கம் விடாத காலத்தில் வைக்கோல் போரின் உச்சியில் படுத்துப் பார்த்தாள். இப்போது நகரத்து அரங்கில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறாள். அந்தக் காலத்துக் கைகள் முரட்டுக் கைகள், இந்தக் காலத்துக் குதிரைகள் நல்ல தீனி தின்ற குதிரைகள். குனிந்து அள்ளும் அந்த ஒரு நொடியில் மனிதன் மாறவே இல்லை என்பது அவள் கணக்கு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் சொல்லாத இன்னொன்றும் இருந்தது.

ஊர்த் திருவிழா ஆட்டத்தில் கடைசி உலாக்கை எடுத்தவன் அதை வைத்துக்கொள்வதில்லை. மைதானத்திலிருந்து தெருவழியே பாய்ந்து வந்து, தன் மனதுக்குப் பட்ட ஒரு வீட்டு வாசலில் வீசுவான். அதற்கு சலிம் என்று பெயர். சலிம் விழுந்த வீடு அந்த வருஷம் தலைநிமிர்ந்து நடக்கும். ஆடு வெட்டி, கொப்பரை ஏற்றி, ஊருக்குச் சோறு போடும். கேட்டு வாங்குவது சலிம் ஆகாது.

அவளுக்குப் பதினொரு வயதில், அப்பா அசான் ஒரு வருஷம் முழுக்க ஒரு செம்மறியை ஊட்டி வளர்த்தார். திருவிழா அன்று வாசற்கதவுகளை அகலத் திறந்துவைத்து, ரொட்டித் தட்டோடு நின்றார். அந்த நாளில் தெமிரை மிஞ்சிய ஆட்டக்காரன் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. உலாக்கோடு தெருவில் இறங்கி வந்த தெமிர் அவர்கள் வாசலில் வேகத்தைக் குறைத்தான். அப்பாவைப் பார்த்தான். தகரம் பாதி, புல் பாதியாக வேய்ந்த கூரையையும் பார்த்தான். பிறகு குதிரையைத் தட்டிவிட்டு, நாலு வீடு தள்ளிப் பண்ணைத் தலைவர் வாசலில் வீசினான்.

அப்பா கதவைச் சாத்தினார். அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்குப்பின் செத்துப்போகும்வரை ஒரு திருவிழாவுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை.

கணவன் இறந்தபின் புருல்கான் அந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். தம்பி நகரத்துக்குப் போய்விட்டிருந்தான். மூன்று குளிர்காலங்களுக்கு முன் ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டே, தெருவில் சலிம் விழுந்த வீடுகளை மனதுக்குள் வரிசையாக நடந்து பார்த்தாள். பாதியில் கை நின்றது. மறுபடி மேலிருந்து நடந்தாள். மாவு காய்ந்து வெடித்தது. அன்று பிள்ளைகளுக்கு ரொட்டி தாமதமாகத்தான் கிடைத்தது.

எல்லா சலிமும் வலப்பக்கத்து வீடுகளில்தான் விழுந்திருந்தன.

உலாக்காரன் இடக்கையில் கடிவாளத்தைப் பிடித்து, வலக்கையால் அள்ளி, வலக்காலுக்கடியில் இடுக்குவான். நனைந்த ஆட்டைக் குதிரைக் கழுத்துக்கு மேலாகத் தூக்கி இடப்பக்கம் வீச எந்தக் கொம்பனாலும் முடியாது. குதிரையைத் திருப்பலாம் என்றால் பின்னால் எண்பது குதிரைகள் சரிவில் உருண்டு வருகின்றன. மைதானம் தெருவின் மேல்முனையில் இருந்தது. அங்கிருந்து இறங்கி வந்தால் அப்பாவின் வீடு இடப்பக்கம். தெமிர் வேகத்தைக் குறைத்தது கூரையைப் பார்த்து ஏளனம் செய்ய அல்ல. போட நினைத்திருக்கிறான், முடியவில்லை.

அன்றே அவள் ஒரு செம்மறிக் குட்டி வாங்கிக் கட்டினாள்.

இந்த வருஷம் மாவட்ட அணி கோப்பையை வென்றது. அணித்தலைவன் எர்மெக் உச்-தெரெக்கில் பிறந்தவன், புருல்கான் கையால் எட்டு வருஷம் பள்ளியில் சாப்பிட்டவன். வெற்றியைக் கொண்டாட அசல் ஆட்டோடு, பழைய முறையில், ஊர் மைதானத்தில் ஓர் ஆட்டம் வைப்பது என்று முடிவாயிற்று. விழாக்குழு ஊராட்சி அறையில் கூடியது. புருல்கான் அவர்களுக்குத் தேநீர்ப் பானையைக் கொண்டுபோனாள்.

"அங்க வச்சிட்டுப் போம்மா," என்றார் குழுத்தலைவர் சத்தார். ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர்.

"வச்சிட்டேன் அண்ணே. ஒரு வார்த்தை சொல்லணும்."

அறையில் பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள். பெட்ரோல் நிலையம் நடத்தும் மிர்பெக் சிரித்தான். "புருல் பேசுறா. யாராவது தேதிய எழுதி வைங்க."

அவள் பானையின் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தாள். பார்வை தரையில் இருந்தது. "ஜெயிச்சவன் மேல இருந்து எறங்கி வரக் கூடாது. வாய்க்கா ரோட்டுல சுத்திப்போயி, கீழ்முனையில ஏறி வரணும்."

"ஏன், மேல குழியா?" என்றார் சத்தார்.

"இல்ல. நம்ம தெருவுல எனக்குத் தெரிஞ்சு பத்தொம்பது சலிம் விழுந்திருக்கு. பண்ணைத் தலைவர் வீடு. உங்கப்பா வீடு, அது ரெண்டு தடவை. வாத்தியார் வீடு. மிர்பெக் அண்ணனோட மாமனார் வீடு." அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்தக் குதிரை, எந்த நிறம், வாசலில் யார் நின்றார்கள் என்பதுவரை. சத்தார் விரல் மடக்கிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"எல்லாம் வலப்பக்கமா இருக்கே," என்றார்.

"வலக்கால்ல இடுக்குனா வலப்பக்கந்தானே போட முடியும்."

மூலையிலிருந்து தொக்தோசுன் தொண்டையைச் செருமினார். அவர் வீடும் இடப்பக்கம்தான். "எங்கப்பன் வாய்க்கா தண்ணிக்குத் தெமிரோட சண்டை போட்டான். அந்தக் கறுவுலதான் எங்க வாசலுக்குப் போடலன்னு நெனச்சேன். தெமிர் சாவுக்குக்கூட நான் போகல."

"நல்ல ஆளுப்பா நீ," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"வலக்காலுன்னு எவனும் சொல்லலியே," என்றார் தொக்தோசுன்.

மிர்பெக் நாற்காலியை முன்னால் இழுத்தான். "சத்தார் அண்ணே, இந்தத் தடவை எங்க வீட்டுக்குன்னு பேசி முடிச்சாச்சு. விருந்துக்கு வெட்டக் குதிரைக்குட்டிகூட ஒதுக்கிட்டேன்."

"பேசி வச்சு வந்தா அது சலிம் இல்ல அண்ணே," என்றாள் புருல்கான். "தபால்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மிர்பெக் மட்டும் சிரிக்கவில்லை. "சரி, உன் வாசலுக்கே வருதுன்னு வச்சிக்குவோம். ஆம்பளை இல்லாத வீடு. யாரு உள்ள இழுக்கிறது?"

அது நியாயமான கேள்விதான். வாசலில் விழுந்ததை வீட்டாள் தன் கையால் நிலைப்படி தாண்டி இழுக்க வேண்டும். வேறொரு கை பட்டால் சலிமும் அந்தக் கைக்குரிய வீட்டுக்குப் போய்விடும்.

"விழட்டும். அது என் கவலை," என்றாள்.

சத்தார் மேசையைத் தட்டினார். "கீழ இருந்தே வரட்டும். யாருக்கும் முன்கூட்டி வாக்குக் கிடையாது. தேநீர ஊத்துங்கப்பா, ஆறிப்போகுது."

மறுநாளிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின், சமையற்கட்டுப் பின்முற்றத்தில் புருல்கான் மாவு மூட்டையை இழுத்துப் பழகினாள். முதல் நாள் நாலடி. இரண்டாம் வாரம் கிணற்றடிவரை. முன்பக்கம் குனிந்து இழுத்தால் இடுப்பு போய்விடும், உட்கார்ந்தவாக்கில் குதிகாலை ஊன்றிப் பின்னுக்குச் சாய வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். உலாக்காரர்களும் இடுப்பால் அல்ல, தொடையால்தான் தூக்குவார்கள். நாற்பது வருஷமாகப் பார்த்ததுதானே.

விழாவுக்கு நாலு நாள் முன் எர்மெக் ஊருக்கு வந்தான். நேரே சமையற்கட்டுக்கு வந்து, பழைய பலகையில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் லக்மான் என்னும் நூடுல்ஸ் சூப் குடித்தான். அவளுக்கு வார்த்தை நாக்கின் நுனியில் நின்றது. ஒரே வார்த்தை போதும், அவன் மறுக்கமாட்டான். அவள் வாசலுக்குப் போய் அவன் குதிரையைப் பார்த்தாள்.

"என்னக்கா பாக்குறீங்க?"

"முன்னங்கால் லாடம் ஆடுது. மாத்து."

"எப்படிங்க தெரிஞ்சது? எங்க பயிற்சியாளரே கவனிக்கலயே."

"கேக்குது," என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போனாள். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. தானாக வராவிட்டால் அது அப்பாவுக்கு வந்ததாகாது.

விழா அன்று அவள் மைதானத்துக்குப் போகவில்லை. வாழ்க்கையில் அவள் தவறவிட்ட ஒரே ஆட்டம் அது. வாசலைப் பெருக்கினாள். குதிரை திரும்பும் அகலத்துக்குக் கல்லெல்லாம் பொறுக்கினாள். கொப்பரைக்கு அடியில் விறகை அடுக்கினாள். செம்மறிக்குத் தண்ணீர் காட்டினாள். பின்பு துருவேறிய கீல்களுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு கதவுகளையும் சுவரோடு சுவராகத் தள்ளித் திறந்தாள்.

மைதானத்து இரைச்சல் தெருவின் மேல்முனையிலிருந்து காற்றில் வந்தது. கேட்டே ஆட்டத்தைப் புரிந்துகொண்டாள். முதலில் ஒரே குவியல். கட்சி கட்டி ஆடிப் பழகிய எர்மெக்கைக் கிழவர்கள் கேலி செய்யும் கூச்சல். நீண்ட நேரம் குதிரைகளின் கனைப்பு மட்டும். திடீரென்று குளம்படிகள் பிரிந்தன. ஒரு குதிரை தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடியது. லாடம் ஆடாத குதிரை. ஓட்டம் தெருவில் இறங்காமல் வாய்க்கால் பக்கம் வளைந்தது.

இப்போது இடப்பக்கத்து வீடுகளெல்லாம் வலப்பக்கமாகிவிட்டன. கீழ்முனையிலிருந்து எண்ணினால் அவளுடையது ஏழாவது. முதல் ஆறு வாசல்களிலும் கதவு திறந்திருந்தது, நாற்பது வருஷப் பசியோடு குடும்பமே நடுத்தெருவில் நின்றது. தொக்தோசுன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். "எர்மெக், இங்க, இங்கடா."

எர்மெக் ஏறி வந்தான். சட்டை கிழிந்து, சாட்டையைப் பல்லில் கடித்திருந்தான். வலத்தொடைக்கடியில் உலாக். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் முண்டியடித்து வர, குதிரை மிரண்டு ஒதுங்கியது. ஏழாவது வாசலில் இடம் காலியாக இருந்தது. புருல்கான் கதவோடு ஒட்டி, ஒதுங்கி நின்றாள். கையை ஆட்டவில்லை. அவள் பார்வை குதிரையின் முன்னங்காலில் இருந்தது.

குதிரை தானாகவே அந்த வெற்றிடத்தில் அடியெடுத்து வைத்தது. எர்மெக் அவளைப் பார்த்தான். தொடை தளர்ந்தது. உலாக் ஈரத்துணி விழும் சத்தத்தோடு வாசலில் விழுந்தது.

கூட்டம் வளைத்துக்கொண்டது. "நான் ஒரு கால் பிடிக்கிறேன் புருல்," என்று மிர்பெக் குதிரையிலிருந்து இறங்கினான். உதவியா தந்திரமா என்று யாராலும் சொல்ல முடியாத முகம்.

"தொடாதீங்க அண்ணே."

அவ்வளவு பேர் முன்னால் அவள் இதுவரை நின்றதே இல்லை. முகம் செம்பு போலச் சிவந்தது. தரையில் உட்கார்ந்தாள். ஆட்டின் இரண்டு முன்னங்கால் துண்டுகளையும் பிடித்து, குதிகாலை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்தாள். வழுக்கியது. கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். ஒரு முழம். இன்னொரு முழம்.

"குதிகால்... குதிகால ஊனு," என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். அப்புறம் தெருவே அதைச் சொல்ல ஆரம்பித்தது. ஒரு கையும் நீளவில்லை.

நிலைப்படியில் உலாக் சிக்கிக்கொண்டது. அவள் மூச்சை இழுத்துவிட்டாள், உள்ளே நன்றாக நகர்ந்து உட்கார்ந்தாள், இரண்டு காலையும் நிலையின் இரு பக்கமும் உதைத்துக்கொண்டு இழுத்தாள். அது தாண்டி வந்து அவள் மடியில் விழுந்தது. பாவாடை முழுக்க உப்புத் தண்ணீர்.

எர்மெக் சேணத்திலிருந்து குனிந்தான். "எல்லாரும் என்னையப் பாத்தாங்க அக்கா. நீங்க மட்டும் குதிரையப் பாத்தீங்க."

"அதுதானே கொண்டுவந்துச்சு," என்றாள் அவள், மூச்சு வாங்க.

தொக்தோசுன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கொப்பரையை எட்டிப் பார்த்து, "தீ மூட்டலியா இன்னும்? ஊரு பசியோட நிக்குது," என்றார்.

"மூட்டுங்க அண்ணே. ஆட்டையும் அவுத்துக் கொண்டாங்க."

யாரோ ஒருவன் பழக்கதோஷத்தில் வாசற்கதவை இழுத்துச் சாத்தப் போனான். "அது தெறந்தே இருக்கட்டும்," என்று புருல்கான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். இந்த முறை அவள் குரல் தெருவின் மறுபக்கம்வரை கேட்டது.